எலும்புத் தேய்மானம்: கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

சுசீந்திரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மணக்குடிக் கடற்கரை பக்கம் என்பதால் சாளைக்கும் நெத்திலிக்கும் குறைவில்லை. இருந்தும் அறுபதைத் தாண்டிய பெண் ஒருவர் முற்றத்தில் கால் வழுக்கி விழுந்தால், அந்தச் சின்ன விழுகைக்கே இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். "வயசானா அப்படித்தான்" என்று கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டில் விஷயத்தை முடித்துவிடுகிறோம். கல்லீரல் எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. புது எலும்பு உருவாவதைவிடப் பழைய எலும்பு வேகமாகக் கரைகிறது. இது எல்லாப் பெண்களுக்கும் பொது. கல்லீரல் நோயோ நீரிழிவோ சேர்ந்துகொண்டால் பாதிப்பு கூடும்.

கல்லீரலுக்கு என்ன வேலை?

வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி நேராக வேலை செய்யாது. முதலில் கல்லீரலும் பிறகு சிறுநீரகமும் அதை மாற்றித் தர வேண்டும். அதன் பின்னரே குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சும். உணவிலுள்ள டி, கே வைட்டமின்கள் உடலில் சேரப் பித்தநீரும் வேண்டும்.

பித்தக் குழாய்களைத் தாக்கும் 'பிரைமரி பிலியரி கொலாஞ்சைடிஸ்' நோய் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கே வருகிறது. எலும்புத் தேய்மானம், அதாவது எலும்புப்புரை, அதோடு சேர்ந்தே வருவதுண்டு. தன்னெதிர்ப்பால் வரும் கல்லீரல் அழற்சிக்குத் தரப்படும் ஸ்டீராய்டும் எலும்பைக் கரைக்கும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஊர் பேர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

இன்று பரவலாக இருப்பது கொழுப்புக் கல்லீரல். மக்கள்தொகையில் 9 முதல் 32 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது மத்திய அரசு. 2021 பிப்ரவரியில் இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்திலும் சேர்த்தது. கொழுப்புக் கல்லீரல் மட்டுமே எலும்பை எவ்வளவு பாதிக்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் அதோடு வரும் நீரிழிவின் பங்கில் ஐயமில்லை.

ஸ்கேன் நன்றாக இருந்தாலும்

எலும்பின் அடர்த்தியை 'டெக்ஸா' ஸ்கேன் அளக்கிறது. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. இரண்டாம் வகை நீரிழிவில் இந்த அளவை மட்டும் நம்ப முடியாது. அடர்த்தி சரியாக இருந்தும் எலும்பு முறியும். நாள்பட்ட சர்க்கரை, எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் புரதத்தை விறைப்பாக்கி எளிதில் உடையச் செய்கிறது. மரத்துப்போன பாதம், மங்கிய பார்வை, திடீரென இறங்கும் சர்க்கரை எல்லாம் ஆளைக் கீழே தள்ளும். பயோகிளிட்டசோன் மாத்திரை பெண்களுக்கு முறிவு அபாயத்தைக் கூட்டுகிறது. தைராய்டு மாத்திரை அளவு மிஞ்சினாலும் எலும்பு தேயும்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

வைட்டமின் டி, கால்சியம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் செயல்பாடு. கல்லீரல் பரிசோதனையில் 'அல்கலைன் பாஸ்பட்டேஸ்' கூடியிருந்தால் அது கல்லீரலிலிருந்தும் வரலாம், எலும்பிலிருந்தும் வரலாம். ஜிஜிடி பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். பக்கத்திலுள்ள ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டாலும் கால்சியம் கிடைக்கும். சாளையில் ஓரளவு வைட்டமின் டி உண்டு. மரக்கறிக்காரர்களுக்குப் பாலும் தயிரும் கைகொடுக்கும்.

விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது எலும்புக்கும் தசைக்கும் நல்லது. ஆனால் வைட்டமின் டி கிடைக்கப் பத்து மணிக்கு மேற்பட்ட வெயில் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவுவதும் குளியலறையில் கைப்பிடி வைப்பதும் எலும்பு வைத்தியத்தில் சேர்த்திதான்.

எலும்புப்புரைக்கு நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் வைட்டமின் டி குறையைச் சரிசெய்யாமல் ஜோலெட்ரோனேட் ஊசி போட்டால் ரத்தக் கால்சியம் இறங்கிவிடலாம். கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாய் ரத்தநாளங்கள் புடைத்திருந்தால் அலெண்ட்ரோனேட் மாத்திரை ஆபத்து. எனவே எலும்பு மருத்துவரிடம் போகும்போது கல்லீரல் நோய் இருப்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.