பெயர் பல, எண் ஒன்று

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அது செம்பு. தேசிய இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் வேதியியல் எடுத்தபோது அதுவே 'குப்ரும்' ஆனது. இப்போது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதே பொருளின் புட்டியில் 'காப்பர்' என்று ஒட்டியிருக்கிறார்கள். ஈயம், 'பிளம்பும்', 'லெட்' என்பதும் இதே கதைதான். நம்மில் பலர் இந்த மூன்று மொழிப் படிகளையும் ஏறித்தான் இங்கு வந்திருக்கிறோம்.

பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால், பல நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்களும் மருத்துவர்களும் சுங்க அதிகாரிகளும் தாங்கள் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தான் என்று எப்படி உறுதி செய்துகொள்கிறார்கள்? அதற்கு உதவுவதுதான் சி.ஏ.எஸ். பதிவெண். செம்பின் பதிவெண் 7440-50-8. எந்த மொழியில் எழுதினாலும் இது மாறாது.

பதிவேடு பிறந்த கதை

அமெரிக்க வேதியியல் கழகம் 1907-ஆம் ஆண்டில் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்ற இதழைத் தொடங்கியது. உலகெங்கும் வெளியாகும் வேதியியல் ஆய்வுகளின் சுருக்கங்களை அது தொகுத்துத் தந்தது. ஒரே பொருளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் எழுதினால் தேடுபவர் என்ன செய்வார்? இதற்குத் தீர்வாக, 1965-இல் கணினியின் துணையோடு ஒரு பதிவேடு உருவானது. ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து இயங்கும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ், சுருக்கமாக சி.ஏ.எஸ்., இதனைப் பராமரிக்கிறது. 2015-இல் பத்துக் கோடியாவது பொருள் பதிவானது. இன்று எண்ணிக்கை இருபது கோடியைத் தாண்டிவிட்டது.

எண்ணின் அமைப்பு

நம் அடையாள அட்டை எண்ணைப் பார்த்தாலே பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் தெரிந்துவிடும். சி.ஏ.எஸ். எண் அப்படிப்பட்டதன்று. அது பொருளின் குணத்தையோ அமைப்பையோ சொல்லாது. பதிவான வரிசையில் வழங்கப்படும் எண், அவ்வளவுதான்.

அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் இரண்டு முதல் ஏழு இலக்கங்கள் வரை இருக்கும். நடுப்பகுதியில் இரண்டு இலக்கங்கள். கடைசியில் நிற்கும் ஒற்றை இலக்கம், எண் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பதைச் சோதிக்க உதவும்.

தண்ணீரின் எண்ணான 7732-18-5 என்பதை எடுத்துக்கொள்வோம். கடைசி 5-ஐ விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 2, 3 என வரிசையாகப் பெருக்கிக் கூட்டுங்கள்: 8×1, 1×2, 2×3, 3×4, 7×5, 7×6. கூட்டுத்தொகை 105. அதன் கடைசி இலக்கம் 5. எண் சரி. யாராவது 18 என்பதை 81 என்று மாற்றி எழுதிவிட்டால் தொகை 112 ஆகிவிடும். தவறு உடனே பிடிபடும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. மயில்துத்தம் என்று நாம் அழைக்கும் நீலநிறக் காப்பர் சல்பேட்டின் எண் 7758-99-8. அதைச் சூடாக்கி, படிகத்திலுள்ள நீரை நீக்கினால் கிடைக்கும் வெண்பொடியின் எண் 7758-98-7. இரண்டையும் நாம் பேச்சில் 'காப்பர் சல்பேட்' என்றே சொல்கிறோம். ஆனால் ஒரே எடையில் இரண்டிலும் உள்ள செம்பின் அளவு வேறு. பேச்சில் மறைந்துவிடும் இந்த வேறுபாட்டை எண் காட்டிக்கொடுக்கிறது.

'மருந்து' என்றொரு பெயர்

இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் செய்தி அன்று. என் பாட்டி தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தவர். அந்த வேலைக்கு இன்றும் அவர் சொல்லும் பெயர் 'மருந்து அடிக்கிறது'. என்ன மருந்து என்று கேட்டால், "புல்லு மருந்துதான்" என்பார். நஞ்சுக்கும் நோய் தீர்ப்பதற்கும் அங்கே ஒரே சொல்தான்.

இந்த 'மருந்துகள்' ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. கிளைபோசேட்டின் எண் 1071-83-6. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் டைகுளோரைடின் எண் 1910-42-5. இரண்டும் களையைக் கொல்பவை. இரண்டும் பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டவை. பாராகுவாட்டுக்கு மாற்றுமருந்து இல்லை. அது உடலுக்குள் சென்றவருக்கு வழக்கம்போல் உயிர்வளி கொடுத்தால் நுரையீரல் பாதிப்பு கூடக்கூடும். மிகவும் தேவைப்பட்டால் மட்டுமே கொடுப்பார்கள். அப்படியிருக்க, மருத்துவமனைக்குக் கொண்டு வருபவர் "ஏதோ புல்லு மருந்து" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன முடிவெடுப்பார்?

எண்ணுக்கும் எல்லை உண்டு. ஒரு பொருள் எது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. சமையலறை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும், தோலைப் பொசுக்கும் அடர் அமிலத்துக்கும் ஒரே எண்தான்: 64-19-7. ஆகவே எண்ணோடு செறிவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இந்நாட்டில் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வேலையிடத்தில் பயன்படும் அபாயகரமான இரசாயனங்களுக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்க வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும். அதன் மூன்றாம் பகுதியில் உட்பொருள்களையும் அவற்றின் பதிவெண்களையும் காணலாம்.

நம் பெற்றோரோ உறவினரோ தோட்டத்திலோ, தொழிற்சாலையிலோ, துப்புரவுப் பணியிலோ இருந்தால், அந்தத் தாளை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்து, பக்கத்தில் தமிழில் அது என்ன பொருள், எதனால் ஆபத்து என்று எழுதிக் கொடுங்கள். அவசர வேளையில் மருத்துவரிடமோ, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்திடமோ அதைச் சொல்லலாம். மூன்று மொழிகளில் படித்த நமக்கு இது பத்து நிமிட வேலை.