நோய் அதிகம், சாவு குறைவு

கேரளத்தின் புள்ளிவிவரங்கள் போடும் புதிர். அதை அவிழ்க்கிறது நோய்ப்பரவலியலின் பாலபாடம்

ஒரே ஒரு புள்ளிவிவரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால், இந்தியாவில் நோயாளிகள் மலிந்த மாநிலம் கேரளம்தான். 2014-ல் தேசிய மாதிரி ஆய்வுக்காக வீடு வீடாகப் போனவர்கள், கடந்த 15 நாட்களில் யாருக்காவது உடம்புக்கு வந்ததா என்று விசாரித்தார்கள். கேரளத்தில் 100-க்குச் சுமார் 31 பேருக்கு ஏதோ ஒரு நோய். தேசிய சராசரியோ கிராமங்களில் 9, நகரங்களில் 12. பீகார் அந்தச் சராசரியைக்கூட எட்டவில்லை.

அப்படியானால் பீகார் ஆரோக்கிய பூமியா? அதே ஆண்டின் இன்னொரு கணக்கு வேறு கதை சொல்கிறது. பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை பீகாரில் 42, கேரளத்தில் 12.

திருவனந்தபுரத்துக்கு இந்தப் புதிர் பழையது. அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் பி.ஜி.கே. பணிக்கரும் ஊட்டச்சத்து நிபுணர் சி.ஆர். சோமனும் 1984-லேயே இதைப் புத்தகமாக எழுதினார்கள்: சாவு குறைந்த மாநிலத்தில் நோய் ஏன் குறையவில்லை?

முதல் விடையை நெய்யாறு அணையில் காணலாம். அணைக்குள் தினமும் வரும் நீர் வேறு. தேங்கி நிற்கும் நீர் வேறு. ஓர் ஆண்டில் புதிதாக நோய் கண்டவர்களின் கணக்கு நீர்வரத்து. இன்றைய தேதியில் நோயுடன் வாழ்பவர்களின் கணக்கு நீர் இருப்பு. இருப்பு குறைய இரண்டே மதகுகள்: ஒன்று குணமாவது, மற்றது சாவு. நீரிழிவு முழுமையாகக் குணமாவது அபூர்வம். நல்ல சிகிச்சை சாவைத் தள்ளிப்போட்டால் இரண்டாவது மதகும் பாதி மூடிக்கொள்ளும். வரத்து கூடாமலே இருப்பு ஏறும். வைத்தியம் ஜெயித்ததால்தான் நோயாளிகள் பெருகினார்கள் என்பது கேட்க விநோதம்; கணக்கு சரி.

இரண்டாவது, வயது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயது கடந்தவர்கள் கேரளத்தில் 12.6 சதவிகிதம், நாட்டில் 8.6. முதியவர்கள் நிறைந்த ஊரையும் குழந்தைகள் நிறைந்த ஊரையும் அப்படியே ஒப்பிடுவது அநியாயம். வயது வித்தியாசத்தைச் சமன் செய்த பிறகே நிபுணர்கள் ஒப்பிடுகிறார்கள்.

மூன்றாவது, சொல்லும் வாய். படித்தவர்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருப்பவர்கள் நோயை அடையாளம் கண்டு சொல்கிறார்கள். வைத்தியமே எட்டாத இடத்தில் தினசரிக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் ‘உடம்பு வாகு’ ஆகிவிடும். மக்கள் சொல்லும் நோயை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் மோசம் போவோம் என்று 2002-ல் எச்சரித்தார் அமர்த்தியா சென். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களும் கேரளம், பீகார்தான்.

கோவிட் இதற்கு ஒரு பரீட்சை வைத்தது. 2021 ஜூலை இறுதியில் நாட்டின் தினசரித் தொற்றில் பாதியளவு கேரளத்தில் பதிவானது. மாநிலம் தோற்றுவிட்டது என்றார்கள். ஆனால் அந்த ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ரத்தத்தைச் சோதித்தபோது, எதிர்ப்புப் புரதம் இருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 79 சதவிகிதம், கேரளத்தில் 44.4 சதவிகிதம். தொற்று குறைவாகப் பரவியிருந்த மாநிலம்தான் அதிகமாகக் கண்டுபிடித்துப் பதிவு செய்திருந்தது. அதற்காகக் கேரளத்தின் கணக்கு அப்பழுக்கற்றது என்று சொல்லிவிட முடியாது. விடுபட்ட பல ஆயிரம் சாவுகள் 2021 கடைசியில்தான் பட்டியலில் ஏறின.

சொல்லும் வாய் மட்டுமே காரணம் என்றும் தள்ளிவிட முடியாது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், ரத்தப் பரிசோதனையின்படியே, கேரளத்தில் வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு. ஆயுசு பூராவும் மாத்திரை வாங்கும் செலவு அந்தக் குடும்பங்களின் தலையில்.

ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் 1997-ல் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு தொடங்கியது. அந்தப் படிப்பின் ஆதாரக் கேள்விகள் சாமானியருக்கும் உதவும்: எத்தனை பேரில் இத்தனை? எந்த வயதினர்? புதிய நோயாளிகளா, பழையவர்களும் சேர்த்தா? எண்ணியது யார்?

பதிவேட்டைப் பார்த்து மருந்தும் டாக்டரும் ஒதுக்கப்படும் நாட்டில் கடைசிக் கேள்வி முக்கியமானது. நோயாளிகள் இல்லாத ஊர் என்று ஒரு கிராமத்தை ஒதுக்குமுன், அங்கே எண்ணுவதற்கு ஆள் போனாரா என்று விசாரிப்பது நல்லது.