படுத்தால் போகும் தலைவலி

குன்னூர்ல தலைவலின்னு சொன்னா பதில் தயாரா இருக்கும்: பனி, சைனஸ், இல்லேன்னா "மலை ஒத்துக்கலை". ஐந்து மாதம் எனக்கும் இதையேதான் சொன்னாங்க, கூடவே மைக்ரேன் மாத்திரை. கடைசியில் பார்த்தால் பிரச்சினை முதுகில். தண்டுவட நீர் கசிந்து அழுத்தம் குறைந்திருந்தது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் இந்த நீர் மொத்தமே 150 மில்லிதான். ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி ஊறும், அதே அளவு உறிஞ்சப்படும். 1400 கிராம் மூளை அதில் மிதப்பதால், அழுத்துகிற எடை 50 கிராம் போலத்தான். வெளியுறையான டியூராவில் சின்னக் கிழிசல் விழுந்து நீர் குறைஞ்சா, நிற்கும்போது மூளை கீழே தொய்ந்து, வலி உணரும் உறைகளை இழுக்கும். படுத்தா இழுப்பு நின்றுடும். அதனால காலையில் கண் விழிக்கும்போது வலி இருக்காது; எழுந்து நடமாடினால் ஏறும். கழுத்து வலி, காது அடைப்பும் சிலருக்கு உண்டு.

ஊட்டி 2240 மீட்டர். உயரத்தால் வரும் தலைவலி பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல், புதிதாக ஏறியவர்களுக்கு. அது படுத்ததும் போகாது. மலை மேல் பழி போடுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "படுத்தா போகுதா?"

இதை முதலில் அனுபவித்து எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர். 1898-ல் முதுகில் மயக்க ஊசியை தனக்கே போடச் சொன்னார். சிரிஞ்ச் ஊசியோடு பொருந்தாமல் நீர் வழிந்தது. மறுநாளிலிருந்து ஒன்பது நாள் தலைவலி, படுத்தால் மட்டும் நிம்மதி. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட சில பெண்களுக்கு வருவதும் இதுவே. என்னைப் போல ஊசியே இல்லாமல் தானாகக் கிழிவதும் உண்டு; அதைத்தான் தவற விடுகிறார்கள். சாயம் ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில்கூட சிலருக்கு ஒன்றும் தெரியாது.

வைத்தியம் வேடிக்கையானது. 1960-ல் கோர்ம்லி என்ற அமெரிக்க மருத்துவர், ஊசி குத்தும்போது ரத்தம் வந்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு என்று கவனித்தார். நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, டியூராவுக்கு வெளியே செலுத்தினார். உறைந்து பஞ்சர் ஒட்டின மாதிரி. அவர் செலுத்தியது 2 மில்லி. இப்போது 20 வரை. எனக்கு ஒன்று போதலை, இரண்டாவது பாதி வேலை செய்தது.

இப்போ மதியத்துக்குமேல் படுத்துக்கிட்டே லேப்டாப்பில் வேலை. கேஸ் சிலிண்டர் தூக்குறதில்லை, முக்குறதில்லை. எனக்கு இது முடியுது. சரிவில் நின்று கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு எங்கே படுக்கிறது? அவங்க கையில் பாராசிட்டமால்தான் இருக்கும்.

டீ கொஞ்சம் உதவும். காஃபின் ரத்தக்குழாயைச் சுருக்கி வலியைத் தணிக்கும், கிழிசலை மூடாது.