தூதுவன் போனான், தொலைக்காட்சி வந்தது

மேடை நாடகத்தில் போர் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான் நடக்கும். தூதுவன் ஒருவன் ஓடிவந்து வென்றவர் யார், மாண்டவர் யார் என்று சொல்வான். களத்தைப் பார்வையாளரே மனத்தில் விரித்துக்கொள்வார். சினிமாவில் இது எடுபடாது. அப்படியானால் நானூறு ஆண்டுப் பழமையான ஒரு துன்பியல் நாடகத்தை இன்றைய போர்ப்படமாக மாற்றுவது எப்படி? ஷேக்ஸ்பியரின் ‘கொரியலேனஸ்’ நாடகத்தை 2011-இல் ரால்ஃப் ஃபைன்ஸ் அதே பெயரில் இயக்கி, நாயகனாகவும் நடித்த படம் இதற்கு நல்ல பாடம்.

மக்களை வெறுக்கும் ரோமானியத் தளபதி ஒருவன் பதவிக்காக அவர்களிடமே வாக்குக் கேட்க நேர்கிறது. முடியாமல் வெடிக்கிறான், நாடு கடத்தப்படுகிறான், எதிரியோடு சேர்ந்து சொந்த ஊரையே அழிக்கத் திரும்புகிறான். கதை இவ்வளவுதான்.

திரைக்கதை எழுதிய ஜான் லோகன் வசனங்களை நிறைய வெட்டினார். ஆனால் எஞ்சியவற்றை இன்றைய பேச்சாக மாற்றவில்லை. ராணுவச் சீருடையில், கையில் துப்பாக்கியோடு, அதே பழைய ஆங்கிலத்தைத்தான் பேசுகிறார்கள். வசனத்தைச் சுமப்பவர்தான் மாறிவிட்டார். தூதுவன் கொண்டுவந்த சேதியைத் தொலைக்காட்சி சொல்கிறது. பிரிட்டனின் நிஜச் செய்தி வாசிப்பாளர் ஜான் ஸ்னோவே அதை வாசிக்கிறார். நாயகனை நாடு கடத்தும் காட்சி பொதுமன்றத்திலிருந்து தொலைக்காட்சி அரங்குக்கு இடம்பெயர்கிறது. கூட்டத்தின் கூச்சலும் அவன் சீற்றமும் மைக் வழியே நாடெங்கும் போகின்றன. படத்தின் மிகச் சிறந்த மாற்றம் இதுதான் என்பேன்.

படப்பிடிப்பு செர்பியாவின் பெல்கிரேடில் நடந்தது. 1999-இல் நேட்டோ குண்டுவீச்சைக் கண்ட நகரம் அது. ‘தி ஹர்ட் லாக்கர்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பாரி ஆக்ராய்ட், கேமராவைக் கையில் ஏந்தி வீரர்களின் பின்னாலேயே ஓடுகிறார். அதனால் தெருச்சண்டை செய்திப்படம் போலவே தெரிகிறது.

இத்தனை வேகமும் ஓரிடத்தில் அடங்கிவிடுகிறது. ரோமைக் காப்பாற்றும்படி தாய் வொலம்னியா மகன் முன் மண்டியிடும் காட்சி அது. வொலம்னியாவாக நடிக்கும் வனேசா ரெட்கிரேவ் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பேச்சு முடிந்ததும் மகன் தாயின் கையைப் பற்றி மௌனமாக நிற்க வேண்டும் என்று ஷேக்ஸ்பியரின் நாடகத்திலேயே குறிப்பு உண்டு. மேடையில் கடைசி வரிசைக்காரருக்கு எட்டாத அந்த மௌனம் சினிமாவின் அண்மைக் காட்சிக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. குண்டுச் சத்தத்தைவிட இந்தக் காட்சிதான் நம்மை உலுக்குகிறது.

படம் பார்க்குமுன் நாடகத்தின் ஐந்தாம் அங்கம், மூன்றாம் காட்சியை மட்டுமாவது படித்துவிடுங்கள். எதை வெட்டினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது அப்போது விளங்கும்.