யோசனை யாருடையதாக இருந்தாலும் பொறுப்பு கட்டுபவருடையது

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் பசிபிக் குரோவ் கரையோரம் ஒரு சிறு விமானம் கடலில் விழுந்து, அதை ஓட்டிய பாடகர் ஜான் டென்வர் இறந்தார். 'லாங்-ஈஸி' ரகத்தைச் சேர்ந்த அந்த விமானத்தை ஆர்வலர் ஒருவர் வரைபடத்தை வைத்துத் தன் கையால் கட்டியிருந்தார். டென்வர் அதைப் பழையதாக வாங்கியவர். எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்பதை மாற்றும் வால்வு, வரைபடம் காட்டிய இடத்தில் இல்லாமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. எந்தப் பக்கம் எந்தத் தொட்டி என்ற குறியும் இல்லை. அதை எட்டித் திருப்பும் முயற்சியில் அவர் தன்னையறியாமல் வலது மிதியை அழுத்தியதால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. போதிய எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும் காரணங்களில் ஒன்று.

சொந்தமாக விமானம் கட்டும் ஒவ்வொருவரும் இந்த வால்வை நினைவில் வைக்க வேண்டும். "இப்படி மாற்றினால் நல்லது" என்று யார் சொன்னாலும், வடிவமைப்பாளரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

அதற்காக அனுபவசாலிகளை விட்டு ஒதுங்குவதும் ஆபத்துதான். தகடுகளை இணைக்கும் ரிவெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்ததும் உள்பக்கத் தலை, தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு விரிந்திருக்க வேண்டும். உயரம் தண்டின் விட்டத்தில் பாதி. அளவு புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தலை ஒருபக்கம் சாய்வது ஏன், உள்ளே தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டியை எப்படி வைப்பது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால்தான் கைக்கு வரும். 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய ஆர்வலர் சங்கமான இ.ஏ.ஏ.வில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கட்டணமின்றி வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். இறக்கையின் தகட்டை மூடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள். மூடிய பிறகு யாராலும் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் பார்வையிடுவது அரசுச் சோதனை ஆகாது. பிழை நேர்ந்தால் பொறுப்பு கட்டியவருடையதே.

அமெரிக்க விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும். சக ஆர்வலர் காசு வாங்காமல் கைகொடுத்தால் அதில் தடையில்லை. கூலி கொடுத்துச் செய்வித்த வேலை இந்தக் கணக்கில் சேராது; அது மிஞ்சினால் இந்தப் பிரிவில் பறக்கும் சான்றிதழே கிடைக்காமல் போகலாம். யார் எதைச் செய்தார் என்று தேதியிட்ட குறிப்பும் புகைப்படமும் அன்றன்றே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தருபவர் கேட்பது அதைத்தான்.

பணத்திலும் கவனம் வேண்டும். கட்டுவதற்கான பாகங்களைத் தொகுப்பாக (கிட்) விற்கும் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான வேன்ஸ் ஏர்கிராஃப்ட், லேசரால் வெட்டிய துளைகளில் விரிசல் எழுந்த சிக்கலுக்குப் பின், 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. முன்பணம் கட்டியவர்கள் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்வதா, கடன்காரர் வரிசையில் நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. ஆகவே கிட்டை மொத்தமாக வாங்காமல், வால், இறக்கை, உடல் எனப் பகுதி பகுதியாக வாங்குங்கள். வந்த பெட்டியை உடனே பிரித்துச் சரிபார்த்து, குறையை எழுத்தில் தெரிவியுங்கள்.

பழையதாக வாங்குபவர்கள் வரைபடத்திலிருந்து விலகிய இடங்களை எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டியவருக்கு அளிக்கப்படும் ஆண்டுச் சோதனை உரிமம் விமானத்தோடு உங்கள் கைக்கு வராது. முதல்முறை பறக்கும் முன், அதே ரகத்தில் பழகியவரிடம் பயிற்சி பெறுங்கள். என்ஜினை இயக்குவதற்கு முன்பே இருக்கையில் அமர்ந்து, தோள்பட்டையைத் திருப்பாமல் எல்லா வால்வுகளும் கைக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள்.