ஒன்பது மடங்கு அழுத்தத்தில் ஒரு வாய்க் காபி

எஸ்பிரெஸ்ஸோ என்று தனியாக ஒரு காபிக்கொட்டை கிடையாது. அது காபி இறக்கும் முறைகளில் ஒன்று. ஃபில்டரில் வெந்நீர் தன் எடையாலேயே பொடிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. எஸ்பிரெஸ்ஸோவிலோ இயந்திரம் அதை அழுத்தித் தள்ளுகிறது.

இத்தாலியின் துரின் நகரில் 1884-இல் ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவிக் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸெரா, கேட்பவருக்குக் கேட்டவுடன் ஒரு கோப்பை இறக்கித் தரும் இயந்திரத்தை வடிவமைத்தார். இரண்டும் கொதிகலனின் நீராவியையே நம்பியிருந்தன. அழுத்தம் கூட வேண்டுமானால் சூடும் கூடியாக வேண்டும். சூடு கூடினால் காபி கருகிக் கசக்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் மிலான்காரரான அக்கில்லே காஜ்ஜா. 1940-களின் பிற்பகுதியில் வந்த அவரது இயந்திரத்தில் நெம்புகோலை இழுத்தால் சுருள்வில் இறுகும். விட்டதும் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும். சூட்டைக் கூட்டாமலே அழுத்தம் பல மடங்கு உயர்ந்தது. 1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரம் அந்த வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது.

இன்றைய வழக்கமான அளவு இது: 7 முதல் 9 கிராம் பொடி, 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீர், வளிமண்டலத்தைப் போல் சுமார் 9 மடங்கு அழுத்தம். 25 முதல் 30 விநாடிக்குள் ஏறத்தாழ 30 மில்லி காபி இறங்கிவிடும். இவ்வளவு குறைந்த நேரத்தில் சாரம் முழுதாக இறங்க, பொடி மிக நைசாக இருக்க வேண்டும். நைசான பொடியை இறுக்கி அமுக்கினால் தண்ணீர் தானாக உள்ளே நுழையாது, அதற்குத்தான் அழுத்தம். அது கொட்டையின் எண்ணெயையும் நுண்துளிகளாகக் கலந்துவிடுவதால் காபி கெட்டியாக நாவில் தங்குகிறது. வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு அழுத்தத்தில் நீரில் கரைந்து, கோப்பைக்கு வந்ததும் குமிழ்களாக வெளியேறுகிறது. மேலே படரும் பொன்னிற நுரையான ‘கிரேமா’ அதுதான். கொட்டை பழசானால் வாயு குறையும், நுரையும் மெலியும்.

அரவை சற்றுக் கொரகொரப்பானால் தண்ணீர் விரைந்து ஓடி, காபி புளிக்கும். அதிகம் நைசானால் வழி அடைபட்டு, கசக்கும். பொடியைச் சமமாக அமுக்காவிட்டால் தண்ணீர் இளகிய இடம் தேடிப் பாயும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். கொட்டையின் வயதும் காற்றின் ஈரமும் மாறுவதால், நேற்றைய அரவை இன்று பொருந்தாமல் போகலாம். நல்ல கடைகளில் காலையில் முதல் கோப்பைகளை ருசித்துப் பார்த்து அரவையைத் திருத்துவது இதனால்தான். வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ இறக்க நினைப்பவர்கள், இயந்திரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல பங்கை அரைக்கும் கருவிக்கு ஒதுக்குங்கள். இயந்திரம் அழுத்தத்தைத்தான் தரும். ருசி அரவையில் இருக்கிறது.