தன்பாலினத் திருமணமும் வழிபாட்டுச் சபைகளும்: கல்முனைக் கரை எங்கே நிற்கிறது?

2022 ஜூன் மாதம் அக்கரைப்பற்று நீதவான் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் இந்தக் கரையில் பிறந்த முஸ்லிம் பெண். மற்றவர் அவரைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சமூக ஊடகத்தில் பழகி, சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். வீட்டார் பொலிஸில் முறையிட்டார்கள். இருவரையும் கல்முனையில் மனநல வைத்தியரிடம் காட்டி அறிக்கை பெறும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

இருவருமே வயது வந்தவர்கள். களவில்லை, கைகலப்பில்லை. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே எடுத்துவிட்டது. 32 வருடங்கள் கழித்தும் அதற்கொரு வைத்திய அறிக்கை கேட்கப்பட்டது. அந்தப் பெண்களின் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் பட்டது போதும்.

உலகின் வேறு சில இடங்களில் இப்படிப்பட்ட இணையர்களுக்குத் திருமண உரிமை வேண்டுமென்று வழிபாட்டுச் சபைகளே எழுந்து நின்றிருக்கின்றன. ஜும்ஆ முடிந்து தேநீர்க்கடையில் இந்தப் பேச்சு வந்தால், “மார்க்கம் பேசுகிறவர்கள் எப்படி இதற்கு நிற்பார்கள்?” என்று திகைப்பவர்கள் அநேகர். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்தப் பள்ளிவாசலும் அப்படிப் பகிரங்கமாக நின்றதில்லை. கோயில்களும் தேவாலயங்களும் அப்படியே. மற்ற இடங்களில் நடந்தது என்ன, நம்முடைய சட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஆத்திரமில்லாமல் பார்க்கலாம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செய்திகள் பிடிவாதமாக எழுதும் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல், ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் படுக்கையறைக்குள் அடைத்துவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்தியதால் தமிழ்நாடு அரசு 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற சொல் இன்று வழக்கில் இருக்கிறது. அதை நாமும் எடுத்துக்கொள்வதில் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வராது.

ரொறன்ரோவில் வாசித்த ஓலை

கிறிஸ்தவ அயலவர்களோடு வளர்ந்தவர்களுக்கு ஓலை வாசிப்புத் தெரிந்திருக்கும். ஒரு கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். பழைய திருச்சபை வழக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் இந்த வழக்கத்துக்கு ஓரிடம் கொடுத்திருந்தது. நகரசபையில் அனுமதிப் பத்திரம் எடுக்காமலே, சபையில் ஓலை வாசித்தும் சட்டப்படி மணம் முடிக்கலாம்.

ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் சமூகத் திருச்சபை இதைப் பிடித்துக்கொண்டது. 1968இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தன்பாலீர்ப்புக் கிறிஸ்தவர்களுக்காகத் தொடங்கப்பட்ட திருச்சபைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நகரசபை அனுமதிப் பத்திரம் கொடுக்காது என்பது சபைக்குத் தெரியும். ஆகவே 2000 டிசம்பரில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். 2001 ஜனவரி 14ஆம் திகதி ஓர் ஆண் இணைக்கும் ஒரு பெண் இணைக்கும் போதகர் பிரென்ட் ஹோக்ஸ் திருமணம் செய்துவைத்தார். வந்த மிரட்டல்களால் அங்கிக்குள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிந்துகொண்டே பீடத்தில் நின்றார். ஒரு கல்யாணத்தை நடத்திவைக்கப் போன மனிதருக்கு அந்த நிலை.

மாகாணப் பதிவாளர் அந்தத் திருமணங்களைப் பதிய மறுத்தார். சபை வழக்குப் போட்டது. 2003 ஜூன் 10ஆம் திகதி ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைப் பதியச் சொன்னது. 2005 ஜூலையில் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய நகரத்தில்தான் இது நடந்தது. சபை புதிதாக ஒரு சடங்கைக் கண்டுபிடிக்கவில்லை. தன் கையில் ஏற்கெனவே இருந்த பழைய உரிமையைத் தன் மக்கள் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தது, அவ்வளவுதான்.

எல்லாச் சபைகளும் இப்படி ஒரே மூச்சில் வரவில்லை. கல்முனை வெஸ்லி உயர்தரப் பாடசாலையைத் தந்த மெதடிஸ்த மிஷனின் தாய்வீடு பிரித்தானியா. அங்கே மெதடிஸ்த திருச்சபை வருடக்கணக்காகப் பேசியது. 2019இல் ஓர் அறிக்கை, பிறகு ஊர் ஊராக விவாதம், தன்பாலினத் திருமணத்தை அனுமதிப்பது பற்றி 2021 ஜூனில் மாநாட்டில் வாக்கெடுப்பு. ஆதரவு 254, எதிர்ப்பு 46. மனச்சாட்சி இடம்கொடுக்காத எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற காப்பும் அதிலேயே இருக்கிறது. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964 முதல் தனித்து இயங்குவதால் அந்தத் தீர்மானம் இங்கே கட்டுப்படுத்தாது.

முஸ்லிம்களிடையே?

இங்கே மறைக்க ஒன்றுமில்லை. நான்கு மத்ஹபுகளும் தன்பால் உறவை ஹராம் என்றே சொல்கின்றன. உலமாக்களில் மிகப் பெரும்பான்மையினர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மாறாகப் பேசுகிறவர்கள் சிலர்தான். ஆனால் அந்தச் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் வாழ்ந்த ஊரான கேப் டவுன் நமக்கு அந்நியமானதல்ல.

இந்தோனேசியாவின் மகாசரைச் சேர்ந்த ஷெய்க் யூசுஃபை டச்சுக்காரர் 1684இல் நாடுகடத்தி இலங்கையில் வைத்தார்கள். 1694இல் இங்கிருந்து தென்னாபிரிக்காவின் கேப்புக்கு அனுப்பினார்கள். கேப்பில் இஸ்லாம் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. கேப் முஸ்லிம்களில் பெரும்பாலோர் நம்மைப்போல ஷாஃபிஈ மத்ஹபினர்.

முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கேப் டவுனில் பிறந்தவர், ஓர் இமாமின் பேரன். கராச்சிக்குப் போய் மார்க்கக் கல்வி கற்றுத் திரும்பியவர். திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்து, மணமுறிவும் ஆன பிறகு, 1996இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளியே சொன்னார். அதன் பிறகு தன் வீட்டுக் கராஜில் கம்பளம் விரித்து, தேநீர் வைத்து, தன்னைப்போன்ற முஸ்லிம்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டிலும் பள்ளியிலும் இடமில்லாதவர்கள் வந்தார்கள். அந்தக் கூட்டம் ஓர் அமைப்பாக வளர்ந்து, 2011இல் ஒரு தொழுகைத் தலமாகவும் ஆனது. அதன் பெயர் மஸ்ஜிதுல் குர்பா, அந்நியர்களின் பள்ளிவாசல்.

லூத் நபியின் வரலாற்றில் கண்டிக்கப்படுவது வன்முறையும் விருந்தினரை அவமதித்ததும்தான் என்பது அவருடைய வாதம். நிக்காஹ் ஓர் ஒப்பந்தம், இருவரின் சம்மதம் அதன் உயிர் என்றும் சொன்னார். அங்கே இணையர்களுக்கு நிக்காஹும் செய்துவைத்தார். தென்னாபிரிக்காவின் முஸ்லிம் உலமா சபை அதை ஏற்கவில்லை.

2025 பெப்ரவரி 15ஆம் திகதி, கெபேஹா நகரில் அவர் போய்க்கொண்டிருந்த காரை மறித்து முகம் மூடிய இருவர் சுட்டுக்கொன்றார்கள். அவருடைய கருத்தை ஏற்காத அதே உலமா சபை அந்தக் கொலையைக் கண்டித்தது. நம் உலமாக்கள் இந்தக் கடைசி வரியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

அந்த நாட்டில் இன்னொரு வினோதம். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் 2006 நவம்பரில் வந்துவிட்டது. முஸ்லிம் நிக்காஹை அங்கீகரிக்காதது அரசியலமைப்புக்கு முரண் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்ல 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே நிக்காஹ் செய்த பெண்ணும் தன்பாலின இணையரும் ஒரே சட்டத்தின் வாசலில் நின்றுதான் உரிமை கேட்டார்கள்.

இங்கே அந்த வாசல் எப்படி?

நம் கரைக் கல்யாணத்தில் மூன்று முடிச்சு உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதும், வீட்டைப் பெண் பேரில் எழுதுவதும் வழக்கத்தின் முடிச்சு. நிக்காஹ் மார்க்கத்தின் முடிச்சு. பதிவு சட்டத்தின் முடிச்சு. இலங்கை முஸ்லிமுக்கு நிக்காஹ் இல்லாமல் பதிவு மட்டும் கிடையாது. 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்கள் தமக்குள் செய்யும் திருமணத்தை விலக்கிவைத்திருக்கிறது. அவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஒன்றே வழி. தமிழரும் சிங்களவரும் மதச் சடங்கில்லாமல் பதிவாளர் முன் போய் மணம் முடிக்கலாம். முஸ்லிம் ஆணும் பெண்ணும்கூட அப்படிச் செய்ய முடியாது.

அந்தப் பதிவேட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பாய் விரித்த விறாந்தையில் ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, பதிவாளர் பக்கத்தைத் திருப்புவார். மாப்பிள்ளை ஒப்பம் வைப்பார். மணப்பெண்ணின் பொறுப்பாளரான வலி ஒப்பம் வைப்பார். நிக்காஹை நடத்தியவர் ஒப்பம் வைப்பார். மணப்பெண் உள்ளறையில் இருப்பாள். அவள் பேர் தாளில் இருக்கும், அவளுடைய ஒப்பத்துக்கு அதில் இடமில்லை. அந்த ஒப்பத்துக்காகவும், மண வயது 18 ஆக வேண்டும், பெண்களும் காதிகளாக வேண்டும் என்பதற்காகவும் அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் புத்தளத்திலும் முஸ்லிம் பெண்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் திருத்தத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை 2018இல்தான் கைக்கு வந்தது, அதுவும் இரண்டாகப் பிளந்து. முஸ்லிம்கள் விரும்பினால் பொதுச் சட்டத்தின் கீழும் மணம் முடிக்கலாம் என்று அமைச்சரவை 2021இல் முடிவெடுத்தது. அது சட்டமாகவில்லை.

இந்தப் பெண்கள் தன்பாலினத் திருமணம் கேட்கவில்லை. அந்தப் பழியை அவர்கள் தலையில் கட்டி அவர்களை வீழ்த்த யாரும் இந்தக் கட்டுரையை எடுக்கக் கூடாது. ஆனால் மதத்துக்கு வெளியே ஒரு சிவில் வாசல் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமென்றால், அந்த வாசல் இல்லாததால் தவிக்கிற மற்றவர்களையும் நாம் எண்ணிப்பார்க்கத்தான் வேண்டும்.

தன்பாலினத் திருமணம் இலங்கையில் எந்தச் சட்டத்தின் கீழும் இல்லை. அதற்கு முன்னால் உறவே குற்றம். 1883இல் ஆங்கிலேயர் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. 365அ முதலில் ஆண்களை மட்டும் சொன்னது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அதைப் பெண்களுக்கும் நீட்டியது. அதே திருத்தம்தான் 16 வயதுக்குக் குறைந்த சிறுமியுடனான உறவைப் பாலியல் வல்லுறவு என்று வரையறுத்தது, 12 வயது தாண்டிய மனைவியை மட்டும் விலக்கிவைத்து. அதே ஆண்டில் பொதுச் சட்டத்தில் மண வயது 18 ஆனது, முஸ்லிம் சிறுமிகளைத் தவிர்த்து. ஒரே ஆண்டில் ஒரே பாராளுமன்றம் இரண்டு வயதுவந்த பெண்களின் அன்பைக் குற்றமாக்கியது, 13 வயதுச் சிறுமியைக் கல்யாணத்துக்கு விட்டுவைத்தது. இந்த அநியாயத்தை என்னால் ஆறிப்போன மனதோடு எழுத முடியவில்லை.

நீதிமன்றம் போய் இவற்றை நீக்கவும் வழியில்லை. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. 365அவைக் காப்பதும் அதுவே, முஸ்லிம் விவாகச் சட்டத்தைக் காப்பதும் அதுவே. வழி பாராளுமன்றம் ஒன்றுதான். அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் 365, 365அ பிரிவுகளைத் திருத்த முனைந்தது. அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. அது நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இந்த நிலையில் கல்முனைக் கரையில் ஒரு ஜமாஅத் ரொறன்ரோ சபையைப் போல நிற்குமா என்று கேட்டால், இன்று நிற்காது. நின்றால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்கள் கண்டிருக்கின்றன. காத்தான்குடியில் சூஃபிக் கருத்துகளுக்காக அப்துர் ரஊஃப் மௌலவிக்கு எதிராக ஜம்இய்யதுல் உலமா 1979இல் ஃபத்வா கொடுத்தது. 2006இல் இன்னொரு சூஃபிப் பெரியவரின் ஜனாஸாவைத் தோண்டியெடுக்கும் அளவுக்குப் பகை முற்றியது. கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் கொடியேற்றுவதையே வழிகேடு என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்தக் கொடி இன்னும் ஏறுகிறது. சுனாமி வந்த 2004 டிசம்பரில் பள்ளிவாசல்கள் தஞ்சம் கேட்டு வந்தவரிடம் நீ எந்தக் கூட்டம் என்று கேட்கவில்லை. அதுவும் நம் ஊர்தான்.

இன்று ஜமாஅத்துகளால் செய்யக்கூடியவை சில உண்டு. பொதுச் சட்டத்தின் கீழ் மணம் முடிக்கும் வழி முஸ்லிம்களுக்கும் திறக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் எழுதலாம். மார்க்கத்தில் பாவம் என்று நம்புகிற ஒன்றுக்குச் சிறைத்தண்டனை தேவையில்லை என்று சொல்லலாம். பொய் சொல்வதும் புறம் பேசுவதும் பாவம்தான், அதற்காக யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. மிம்பரில் நின்று இவர்களைக் கேலி செய்து பேசுவதை நிறுத்தலாம். அந்த ஸஃபுகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையன்களில் எவனைப் பற்றிப் பேசுகிறோம் என்பது பேசுகிறவருக்குத் தெரியாது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடமும் இமாம்களிடமும் கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வாப்பாவோ உம்மாவோ இப்படியொரு பிள்ளையைப் பற்றி அழுதுகொண்டு உங்களிடம் வந்தால், பொலிஸ் நிலையத்துக்கு வழிகாட்டாதீர்கள். ஒரு தேநீர் கொடுங்கள். பிள்ளையை அடிக்க வேண்டாம், வீட்டைவிட்டுத் துரத்த வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள்.